தோள் ஆறும் நாட்களில்

(ஊராட்சி ஒன்றிய வளாகத்தில் நடைபெற்ற மகளிர் சுயஉதவிக் குழுப் பொறுப்பாளர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் பேச எழுந்தால், சாலையைப் பற்றியோ, குடிநீர்த் தொட்டியைப் பற்றியோ, கட்டி முடியாமல் நிற்கும் வீடுகளைப் பற்றியோதான் பேசப்போகிறார் என்று தாங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அவற்றைப் பற்றி நாளை பிற்பகல் தனியே ஓர் அமர்வு இருக்கிறது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மனிதரின் தோள். தோளில் அடிபட்டவர் வீட்டில் இருக்கும் நாட்களை எவ்வாறு கழிக்க வேண்டும் என்பதே என் பேச்சு. இதைப் பேச எனக்குள்ள தகுதி, மருத்துவப் படிப்பன்று. ஒரு முறை விழுந்தேன், அவ்வளவே. ஆயினும் என் தோளுக்காக மட்டும் தங்கள் நேரத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காரணத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன்.

சென்ற ஐப்பசி மழையில், ஒரு சிற்றூரில் பணி ஆய்வை முடித்துக்கொண்டு இருட்டும் வேளையில் இருசக்கர வாகனத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். செம்மண் சேற்றில் வண்டி சறுக்கிற்று. வலத்தோள் தரையில் மோதியது. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தபோது, மேற்கை எலும்பு அதன் தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தது. துண்டுகள் இடம்விட்டு விலகவில்லை. ஆகவே அறுவை சிகிச்சை வேண்டுவதில்லை என்று மருத்துவர் கூறினார். கையைத் தாங்க ஒரு தூளியைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார். மாவுக்கட்டுக்கூடப் போடவில்லையே என்று என் தாயாருக்குப் பெருங்குறை. தோளுக்கு மாவுக்கட்டுப் போடுவது பெரும்பாலும் இயலாது, பயனுமில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அந்த ஒரு வாரத்தில் நிகழ்ந்ததைத்தான் தாங்கள் கவனிக்க வேண்டும். தாயார் என்னைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. உணவு படுக்கைக்கே வந்தது. ஆட்டுக்கால் சாறு மூன்று வேளையும் வந்தது. தண்ணீர்ச் செம்பை எடுக்கக்கூட இடக்கையை நீட்ட வேண்டியிராத அளவுக்கு அன்பு. எனக்கும் அது சுகமாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பத்தாம் நாள் மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது, விரல்கள் வீங்கி மடக்க முடியவில்லை, முழங்கை நிமிரவில்லை, வாயிற்படி இறங்கும்போது முழங்கால் இரண்டும் நடுங்கின. மலச்சிக்கல், தூக்கமின்மை, எரிச்சல் இவையும் சேர்ந்துகொண்டன. அங்கிருந்த இயன்முறை மருத்துவர் வயதில் மிக இளையவர். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உடைந்தது தோள்தானே ஐயா? கால்கள் நன்றாகத்தானே இருக்கின்றன? அவற்றையும் ஏன் கட்டிப் போட்டுவிட்டீர்கள்?” என்று கேட்டார். எனக்கு விடை கூற இயலவில்லை.

இனி, முன்னர்ப் பொறுத்துச் சொல்வதாகக் கூறிய காரணம். நான் பணிக்குத் திரும்பிய சில வாரங்களில், தை மாதத்தில், மனுநாளன்று ஒரு தாய் என் அறைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், கூலி வேலை செய்பவர். மனுவை இடக்கையால் நீட்டிவிட்டு, “இடக்கையாலே கொடுக்கிறேனேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா” என்றார். மாட்டுத்தொழுவத்தில் சாணத்தில் வழுக்கி விழுந்தவர் அவர். அக்கம்பக்கத்தார் கட்டுப் போடுபவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார்கள். மூங்கிற் பத்தையும் துணியும் வைத்துக் கையை மார்போடு சேர்த்துக் கட்டி, மூன்று மாதம் அசைக்கலாகாது என்று சொல்லியனுப்பினார்களாம். அந்தத் தாய் சொன்ன சொல் தவறாதவர், அசைக்கவேயில்லை. என் முறிவும் அவர் முறிவும் ஏறத்தாழ ஒன்றே. அவருக்கும் எலும்பு ஒழுங்காகவே கூடியிருந்தது. கைதான் கூடவில்லை. தலைமுடியை அள்ளி முடிய அவரால் இயலவில்லை. முதுகுப்புறம் கை செல்லவில்லை. புல்லுக்கட்டைத் தலைக்கு ஏற்றுவது எங்ஙனம்? அவர் கொண்டுவந்த மனு, மாற்றுத்திறனாளி உதவித்தொகை வேண்டி எழுதப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் இருந்தேன். அந்த இளைஞர் கேட்ட கேள்வியை எவரும் அந்தத் தாயைக் கேட்கவில்லை என்பதைத் தவிர, எனக்கும் அவருக்கும் வேறு வேற்றுமை எனக்குப் புலப்படவில்லை.

தோள் ஏன் இவ்வளவு விரைவில் இறுகிவிடுகிறது? நம் உடலிலுள்ள மூட்டுகளுள் மிகுதியாக அசையும் மூட்டு தோளே. முன்னும் பின்னும், மேலும் கீழும், சுழன்றும் செல்கிறது. இடுப்பு மூட்டைப் போன்று ஆழ்ந்த கிண்ணத்துள் எலும்பு அமைந்திருக்கவில்லை. சிறு தட்டின்மேல் பெரியதோர் எலுமிச்சம்பழத்தைச் சாய்த்து வைத்ததுபோல இருக்கிறது. அது உருண்டு விழாமல் சுற்றிலும் நான்கு தசைகளின் நாண்களும், ஒரு மெல்லிய உறையும் பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த உறை அக்குள் பக்கத்தில் தொளதொளவென்று மடிந்திருக்கும். கையைத் தூக்கும்போது அம்மடிப்பு விரியும். கை தொங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் இருந்தால் மடிப்புகள் சுருங்கித் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அடியும் வீக்கமும் சேர்ந்திருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. நெடுநாள் மடித்து வைத்த கோணிச்சாக்கு மழையில் நனைந்து காய்ந்தால் எப்படியிருக்குமோ, அப்படி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் காட்மன் என்பவர் 1934-ஆம் ஆண்டிலே தம் நூலில் ‘உறைந்த தோள்’ என்ற பொருள்படும் பெயரை வழங்கினார். அடிபடாமலேகூட அந்நோய் வருவதுண்டு. நீரிழிவு உடையவர்களுக்கு மிகுதியாக வருகிறது. ஆகவே தோளில் அடிபட்டவர் எவராயினும் இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது நலம்.

முதல் நாட்களில் செய்யத்தக்கவை மிக எளியவை. விழுந்தவுடன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். வீக்கம் வந்தபின் கழற்ற இயலாது, வெட்டத்தான் வேண்டும். தூளியில் கை இருக்கும்போது மணிக்கட்டு முழங்கைக்குச் சற்று உயர்ந்திருக்கட்டும். மணிக்கட்டு தொங்கினால் விரல் வீங்கும். முடிச்சுப் பிடரியில் அழுத்தாதவாறு ஒரு துணியை மடித்து வைத்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்தால் வலி மிகும். முதுகுக்குத் தலையணைகளைச் சாய்த்து, பாதி உட்கார்ந்த நிலையில், முழங்கையின் அடியிலும் ஒரு சிறு தலையணை வைத்துக்கொண்டால் உறக்கம் வரும். நான் மூன்று வாரம் சாய்வு நாற்காலியிலேயே உறங்கினேன். சட்டை அணியும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். மகளிர்க்கு முன்புறம் திறக்கும் மேலாடையே ஏற்றது. குளிக்கும்போது மருத்துவர் இசைந்தால் தூளியைக் கழற்றி, சற்று முன் குனிந்து, கை தானே தொங்கும்படி விட்டால் அக்குளைக் கழுவித் துடைக்கலாம். இல்லையேல் அங்கே புண் வரும்.

ஐந்தாறு நாட்களில் தோளிலிருந்து முழங்கை வரையிலும், மார்புப் பக்கமும் நீலமும் மஞ்சளுமாகப் பாரிக்கும். விஷம் இறங்குகிறது என்று எங்கள் தெருவில் ஒருவர் முடிவே கட்டிவிட்டார். உள்ளே கசிந்த இரத்தம் கீழ்நோக்கி இறங்குவதேயன்றி வேறொன்றுமில்லை, தானே மறையும். ஆனால் விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்தாலும், மரத்துப்போனாலும், அசைக்க முடியாமற் போனாலும் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. கட்டுப் போட்டிருந்தால் உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இறுகக் கட்டிய கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கையையே இழந்தவர் உண்டு. எண்ணெயிட்டு உருவிவிடுவதும், சூட்டு ஒத்தடமும் புதிய முறிவுக்கு ஆகா.

இனி இயக்கம். அடிபட்டது தோள், விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றும் அடிபடவில்லை. மருத்துவர் தடை சொல்லாத பட்சத்தில் முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி விரிக்கலாம். ஒரு துணியுருண்டையைப் பிசையலாம். மேற்கையை விலாவோடு ஒட்டி வைத்தபடி முழங்கையை நீட்டி மடக்கலாம். இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றை ஒன்று நோக்கி மெல்ல நெருக்கி விடலாம். இவற்றை மணிக்கொரு முறை சில நிமிடங்கள் செய்தாலே போதுமானது. ஆனால் இப்படிக் கட்டிலில் உட்கார்ந்து எண்ணி எண்ணிச் செய்வது நம் மக்களுக்கு அலுப்பாக இருக்கும் என்பதை நான் அறிவேன், எனக்கே அலுத்தது. அதனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வேலைகளுள் இதற்குப் பொருந்துவன எவை என்று என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தார். முழங்கை விலாவை விட்டு அகலாமல், மடியளவிலேயே செய்யும் வேலைகள் நம் வீடுகளில் எத்தனை! கீரை ஆய்தல், மொச்சை உரித்தல், புளியில் கொட்டை நீக்குதல், பூத்தொடுத்தல், துவைத்த துணியை மடித்தல். பட்டம் பெற்றவன், ஒன்றியத்தின் அலுவலர், திண்ணையில் அமர்ந்து அவரைக்காய் நார் உரிப்பதைக் கண்டு சிலர் நகைத்தனர். உரிக்கத் தொடங்கிய ஒரு வாரத்தில் என் விரல் வீக்கம் வடிந்தது.

வலக்கையில் அடிபட்டவருக்கு உணவு உண்பதும் ஒரு சோதனை. இடக்கையால் உண்ண மனம் ஒப்பாமல் பசியோடு இருந்த முதியோரை நான் கண்டதுண்டு. தட்டை ஒரு மேடைமீது உயர்த்தி வைத்து, முழங்கையை அம்மேடையில் ஊன்றிக்கொண்டால், பெரும்பாலோர்க்குச் சில நாட்களிலேயே வலக்கை வாய்க்கு எட்டும். மற்றொன்றை அலுவலர்களுக்காகச் சொல்கிறேன்: இடக்கையால் நான் போட்ட கையெழுத்தை மறுநாள் என்னாலேயே அடையாளம் காண முடியவில்லை, கோப்புகளைப் பொறுப்பு அலுவலரிடம் ஒப்படைத்ததே விவேகம்.

கால்களை மறக்கலாகாது. வயதுவந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் கூறுகின்றன. தோளில் அடிபட்டவரும் இதற்கு விலக்கல்லர். காலையிலும் மாலையிலும் முற்றத்திலோ தெருவிலோ நடக்கலாம். நாற்காலியில் அமர்ந்து, கையூன்றாமல் எழுந்து, மீண்டும் அமர்வதைப் பத்து முறை செய்தால் தொடை வலுவிழக்காது. ஆயினும் ஓர் எச்சரிக்கை. ஒரு கை தூளியில் இருக்கும்போது உடலின் சமநிலை குறைகிறது. தடுமாறினால் பற்றிக்கொள்ளவும் கை இல்லை. ஆகவே ஈரமான கிணற்றடி, பாசி படிந்த வாசல், இருண்ட கொல்லைப்புறம் இவற்றைத் தவிர்க்க வேண்டும். கழிப்பறையில் நல்ல கைப்பக்கம் பிடித்து எழ ஒரு கம்பியைச் சுவரில் பதித்துவிடுங்கள். தரையிலிருந்து எழும்போது அடிபட்ட கையை ஊன்றுவது எல்லாவற்றினும் தீது. ஆறு வாரம் பெஞ்சிலோ நாற்காலியிலோ அமர்வதே நன்று.

இப்பொழுது முதன்மையான பயிற்சிக்கு வருகிறேன். இதுவும் காட்மன் பெயரால் வழங்குவதே. திண்ணையையோ மேசையையோ நல்ல கையால் ஊன்றிக்கொண்டு இடுப்பில் வளைந்து முன்னே குனிய வேண்டும். அடிபட்ட கையைத் தளர்த்தித் தொங்கவிட வேண்டும். பிறகு உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால், கை தானே ஊசலாடும். கிணற்றுக்குள் தொங்கும் வாளியைப் பாருங்கள். வாளி தானாகவா ஆடுகிறது? மேலே கயிறு ஆட, அது ஆடுகிறது. கையும் அப்படி ஆட வேண்டும். தோள் தசையால் கையை ஆட்டலாகாது. முன்பின்னாக, பக்கவாட்டில், பின் சிறு வட்டமாக, நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம். விலகாத முறிவாயின் இதனை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளேயே மருத்துவர்கள் தொடங்கச் சொல்கிறார்கள். எனக்குப் பதினான்காம் நாள் தொடங்கினார்கள். முதல் நாள் கை ஒரு சாண் அளவே ஆடிற்று, வியர்த்துக் கொட்டியது.

எந்த நாளில் தொடங்குவது என்பதை மருத்துவரே குறிக்க வேண்டும். ஏனெனில் தோள் காயம் என்பது ஒன்றன்று. தசைநாண் அறுந்து தைக்கப்பட்டிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் வரை தூளியில் இருத்தி, தானாகக் கையைத் தூக்குவதை நெடுநாள் தடை செய்வர். மூட்டு நழுவிப் பின் பொருத்தப்பட்டிருந்தால், வேறு கணக்கு. அதிலும் இளைஞர்க்கு மறுபடி நழுவும் அபாயம் மிகுதி. நம் ஒன்றியத்திலேயே மூட்டை தூக்கும் இளைஞர் ஒருவர், நழுவிய தோள் பொருந்தி வலி போய்விட்டதென்று மூன்றாம் வாரமே நெல் மூட்டைக்குத் தோள் கொடுத்தார். மறுபடி நழுவிற்று. பின்னர்ச் சட்டையைக் கழற்றும்போதுகூட நழுவத் தொடங்கி, அறுவை சிகிச்சை வரை சென்றது. அந்தத் தாய் அசைக்காமற் கெட்டார். இவர் பொறுக்காமற் கெட்டார்.

அறுவை செய்துகொண்டால் விரைவில் குணமாகும் என்று எண்ணிக் கடன் வாங்கும் குடும்பங்களும் உள்ளன. சில முறிவுகளுக்கு அறுவை கட்டாயம் தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் மேற்கை எலும்பின் மேல்முனை முறிந்து விலகியிருந்த 250 பேரை இங்கிலாந்தில் இரு கூறாக்கிச் சிகிச்சை அளித்து ஈராண்டு கவனித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்க்கும், தூளியும் பயிற்சியும் மட்டும் பெற்றவர்க்கும் கையின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. வீட்டை அடகு வைக்குமுன் மருத்துவரிடம், “அறுவை இன்றி ஆறுமா?” என்று ஒரு வார்த்தை கேட்பது குற்றமாகாது.

ஏறத்தாழ ஆறு வாரம் சென்று, மறுபடி படம் எடுத்து எலும்பு கூடியதை மருத்துவர் உறுதி செய்தபின் அடுத்த கட்டம். சுவரை நோக்கி நின்று, எறும்பு ஏறுவதுபோல் விரல்களால் மேலே ஏறலாம். எட்டிய இடத்தில் கரிக்கோடு போட்டுக்கொண்டால் நாளுக்கு நாள் முன்னேற்றம் தெரியும். கிணற்றுச் சகடை ஒன்றை உத்தரத்தில் கட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கையாலும் மறுமுனையை அடிபட்ட கையாலும் பற்றிக்கொண்டு, நல்ல கையைக் கீழே இழுத்தால் மற்றக் கை மேலே போகும். மருத்துவமனைகளில் இதற்கென்றே கருவி வைத்திருக்கிறார்கள். நம் பழைய சகடை அதே வேலையைச் செய்கிறது. பயிற்சியின்போது சற்று வலிக்கத்தான் செய்யும். சிறிது நேரத்தில் தணிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மறுநாள் காலையிலும் வலி மிகுந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். வலி மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பழுதுறும். குடமும், மாவு மூட்டையும், புல்லுக்கட்டும் மூன்று மாதமேனும் காத்திருக்கட்டும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுக்கால் சாறு அருந்துவோர் அருந்தட்டும். என் தாயாரின் கோபத்திற்கு ஆளாக நான் விரும்பவில்லை. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முட்டை, பருப்பு, மீன், பால் இவற்றுள் இயன்றது நாள்தோறும் வேண்டும். பீடி, சிகரெட் புகைப்பவர்க்கு எலும்பு கூடத் தாமதமாகும். இதை வீட்டு ஆண்களுக்குத் தாங்களே எடுத்துச் சொல்வீர்களாக.

குழுப் பொறுப்பாளர்களாகிய தங்களை நான் வேண்டுவது ஒன்று உண்டு. கூலித் தொழிலாளி ஒருவரை மூன்று மாதம் வேலைக்குப் போகாதே என்று கூறுவது எளிது. அந்த மூன்று மாதம் அடுப்பு எரிய வேண்டுமன்றோ? ஒருவர் பயிற்சியை விட்டுவிட்டு மூட்டை தூக்க ஓடுவது அறியாமையால் மட்டுமன்று. ஆகவே குழுவின் சுழல் நிதியிலிருந்து சிறு கடன் தருவதும், தவணையைத் தள்ளி வைப்பதும், முறை வைத்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைப்பதும் தங்களால் இயலும். அந்தத் தாயின் ஊரில் இதைச் செய்தார்கள். உதவித்தொகை மனுவை உரிய துறைக்கு அனுப்பிவிட்டு, அவரை இயன்முறை மருத்துவரிடமும் அனுப்பினேன். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடிச் செல்வோருள் இயன்முறை மருத்துவரும் இடம்பெற்றனர். தங்கள் ஊருக்கு எவர் எந்நாளில் வருகிறார் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பத்து மாதப் பயிற்சிக்குப் பின் அந்தத் தாயின் கை காதளவு உயர்கிறது. கொண்டையைத் தாமே முடிந்துகொள்கிறார். புல்லுக்கட்டு இன்னும் ஏறவில்லை. ஒருகால் ஏறாமலே போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முதல் மாதத்திலேயே வந்திருந்தால் என்று அவர் முடிக்காமல் விட்ட வாக்கியம் என் காதில் இன்னமும் இருக்கிறது.

என் கை முழுதும் மேலே செல்கிறது. முதுகுப்புறம் மட்டும் மற்றக் கையைவிட நான்கு விரற்கடை குறைவு. படுக்கையில் கழித்த அந்தப் பத்து நாட்களுக்கு நான் செலுத்தும் வரி அது என்று எண்ணிக்கொள்கிறேன்.

என்னைக் கேள்வி கேட்ட அந்த இளைய இயன்முறை மருத்துவர் இங்கே வந்திருக்கிறார். தேநீர் இடைவேளைக்கு முன், இந்த மேசையருகே நின்று ஊசல் பயிற்சியைச் செய்து காட்டுவார். பின் வரிசையில் அமர்ந்திருப்போர் முன்னே வாருங்கள். தோளில் நாட்பட்ட வலி உள்ளவர்கள் அவரிடம் தனியே காட்டிக்கொள்ளலாம். பெயரைப் பதிந்துகொள்ளக் கூடத்தின் வாயிலில் ஆள் இருக்கிறார்.